ஹால் லைட்டும் சுகந்தியும்

ஒரே விளக்குக்குச் சுவரில் ஒரு ஸ்விட்ச்சும் போனில் ஒரு ஸ்விட்ச்சுமாக இரண்டு வைத்தால் அந்த விளக்கு கடைசியில் யார் பேச்சைக் கேட்கும் என்று, நவநீதன் வீட்டில் பால் காய்ச்சிய அன்றே எங்களில் ஒருவர் கேட்டார். நவநீதன் ஒரு சிரிப்புச் சிரித்தான், அமெரிக்கக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறவர்கள் எங்களைப் போன்றவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு, சிரித்துவிட்டு, "ரெண்டும் ஸ்மார்ட்டுங்ணா, அதுகளே பேசி ஒரு முடிவுக்கு வந்துக்கும்" என்றான். அப்படியே நடந்தது. அவை பேசி ஒரு முடிவுக்கு வந்தன, அந்த முடிவில் சுகந்தி மாட்டிக்கொண்டாள்.

சுகந்தி அவன் மனைவி. அவளுடைய கை எங்கள் எல்லோருடைய கையையும் போன்ற கைதான், ஓர் அறையை விட்டு வெளியே வரும்போது மூளையைக் கேட்காமலே சுவரைத் தடவி லைட்டை நிறுத்திவிட்டு வருகிற கை. ஆனால் அந்தப் பல்புக்கோ எந்நேரமும் கரண்ட் வந்துகொண்டே இருக்க வேண்டும், எரியாதபோதும் அது உள்ளுக்குள் விழித்திருந்து போன் என்ன சொல்கிறது என்று காதைக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும், சுவரில் நிறுத்திவிட்டால் அதுவும் கடையில் விற்கிற மற்ற பல்புகளைப் போல ஒன்றும் கேட்காத பல்பாகிவிடும். ஆகவே நவநீதன் உள்ளறையில் உட்கார்ந்து போனைத் தட்டுவதும், பல்பு பதில் சொல்லாமல் இருப்பதும், "செவுத்தத் தொடாதேன்னு எத்தன தடவ சொல்றது உனக்கு" என்று அவன் கத்துவதும், "அப்பறம் எதுக்குங் செவுத்துல கண்ணாடில ஸ்விட்ச்சு வெச்சீங்க" என்று அவள் கேட்பதும் மேகலா கார்டன்ஸ் மூன்றாம் மாடியில் குடியிருந்த எங்களுக்குத் தினப்படி காதில் விழுகிற சங்கதிகள். அவள் கேட்டது நியாயமான கேள்வி என்று எங்களுக்கும் தோன்றத்தான் செய்தது, ஆனால் அடுத்த வீட்டுச் சண்டையில் நியாயம் பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகிறது.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரம், சுகந்தி பூஜை அலமாரியில் விளக்கேற்றிவிட்டு ஹாலுக்கு வந்து, சுவரில் அந்தக் கண்ணாடித் தட்டைத் தொட்டு லைட்டைப் போட்டு, கரண்ட் விளக்கானாலும் அந்தியில் எரிகிற முதல் விளக்கு விளக்குதானே என்று பல்பைப் பார்த்துக் கைகூப்பினாள். அதே கணம் உள்ளறையிலிருந்த நவநீதன் போனில் அதை நிறுத்தினான். சுவர் எரி என்றது, போன் எரியாதே என்றது, பல்பு இரண்டுக்கும் நடுவே சற்று நேரம் முழித்துவிட்டு அணைந்தது, அதோடு சுகந்தியும் அணைந்தாள். சோபாவில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்த மகள் மிதுனா, அப்போது ஒன்றாம் வகுப்பு, "அப்பா, அம்மா ஆஃப் ஆயிட்டாங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். நவநீதன் வந்து பார்த்தான், போனைத் தட்டினான், பல்பு எரிந்தது, சுகந்தி கூப்பிய கையோடு அதே இடத்தில் நின்றாள். கையை இறக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஏனுங், கரண்ட் போயிட்டு வந்துச்சா?" என்றாள். அவன் போனில் பார்த்தபோது ஹால் லைட் என்று இருந்த வரிக்குக் கீழே சுகந்தி என்று இன்னொரு வரி வந்திருந்தது. "ஏதோ அப்டேட்டாட்டம் இருக்குது" என்று சொல்லிவிட்டு அவன் வேலையைப் பார்க்கப் போனான்.

முதலில் அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு பயன்படுத்தவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அவளுக்குத் தலைவலி என்றால், பாவம், கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும் என்று நிறுத்திவைத்தான். ஆனால் அணைந்திருக்கும் நேரம் அவளுக்கு நேரமே இல்லை, கண்ணை மூடித் திறப்பதுகூட இல்லை, ஆகவே மறுநாள் எரியவிட்டபோது தலைவலி விட்ட இடத்திலேயே அவளுக்காகக் காத்திருந்தது, முனகல் கேட்காமல் தீர்ந்தது அவனுக்குத்தான். பிறகு சண்டைகள். "உங்க தங்கச்சி வந்தா மட்டும் நான்" என்று அவள் ஆரம்பிக்கும்போது நிறுத்துவான், இரண்டு நாள் கழித்துப் போட்டால், "மாடாட்டம் ஒழைக்கோணும்" என்று காலி ஹாலைப் பார்த்து முடிப்பாள். போனில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கோடு ஒன்று உண்டு, அதைப் பாதிக்கு இழுத்தால் அவள் குரலும் பாதியாகிறது என்று அவன் கண்டுபிடித்தான், மஞ்சள் வெளிச்சத்தில் வைத்தால் கொஞ்சம் இதமாகப் பேசுகிறாள் என்றும், வெள்ளை வெளிச்சத்தில் வைத்தால் வேலை சுறுசுறுப்பாக நடக்கிறது என்றும் கண்டுபிடித்து, எங்களிடம் வாக்கிங் போகும்போது சொல்லியும் காட்டினான். அவளுக்குத் தெரியாமலும் அவன் ஒன்றும் செய்யவில்லை. பல்பு வந்த அட்டைப்பெட்டியில் இத்தனை மணி நேரம் எரியும், அதற்கு மேல் எரியாது என்று போட்டிருப்பதை அவளுக்கே படித்துக்காட்டி, "பல்பு தீந்துதுன்னா நீயும் தீந்துருவ அம்மிணி, உன்னையச் சேத்தி வெக்கத்தான் நிறுத்தறேன்" என்றான். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று எங்கள் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

எங்கே போகும்போது அணைந்தாலும் அவள் மறுபடி எரிவது அந்த ஹால் பல்பின் கீழேதான், உடுத்தியிருந்தது அவளோடு போய்விடும், கையில் வைத்திருந்தது அங்கேயே விழும். காய்கறிக் கடையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள், வெண்டைக்காய் கீழே கிடக்கும். லிஃப்டில் எங்களோடு ஏறுவாள், கதவு திறக்கும்போது பை மட்டும் இருக்கும். முதல் சில தடவை பக்கத்தில் நின்றவர்கள் அலறினார்கள், பிறகு பையை எடுத்துப் போய் அவள் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வருவது என்று ஒரு பழக்கம் ஏற்பட்டது, பால் இருந்தால் மட்டும் மணியடித்துக் கொடுப்போம். எங்கள் பெண்களுக்கு அவள்மேல் பொறாமைகூட வந்தது, எங்களுக்கெல்லாம் காதோரம் நரைத்துக்கொண்டிருக்க அவளுக்கு ஒரு மயிர் வெளுக்கவில்லை, "குடுத்து வெச்சவ, வயசே ஏறல பாருங்" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னோம். அவள் அதற்கு ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை, கொஞ்சம் திமிர் பிடித்தவள்தான்.

வீட்டுக்கு வீடு அதே பல்பும் அதே கண்ணாடி ஸ்விட்ச்சும் வாங்கி மாட்டினோம். இரண்டில் எதை மட்டும் மாட்டினாலும் ஒன்றும் நடக்கவில்லை, இரண்டையும் சேர்த்து மாட்டி, அந்தி நேரத்தில் ஒருவர் சுவரில் போட இன்னொருவர் போனில் நிறுத்த வேண்டும், இரண்டும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும், அது சிலருக்கு ஒரே நாளில் வாய்த்தது, சிலர் ஒரு மாதம் முயன்றார்கள். பி பிளாக் திருமூர்த்திக்கு அவர் அப்பா வாய்த்தார். அந்தப் பெரியவரை அவர் வருஷத்துக்கு ஒரு முறை, பென்ஷனுக்கு உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்கிற அன்று மட்டும் எரியவிட்டு, பயோமெட்ரிக் கருவியில் விரலை வைக்கச் செய்து, "ஏன்டா அதுக்குள்ள ஒரு வருசமா" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நிறுத்திவிடுவார். ஒரு வீட்டில் மருமகள், ஒரு வீட்டில் வேலைக்குப் போகாத மகன், ஒரு வீட்டில் வைத்தியம் பலிக்காத அக்கா. சங்கச் செயலாளர் குழந்தைவேலு ஐயா நல்ல ஒழுங்கான மனிதர், எல்லா வீட்டிலும் சுவர் ஸ்விட்ச்சின் மேல் மஞ்சள் டேப் ஒட்டிவிட வேண்டும், விருந்தாளி யாரும் பழக்கதோஷத்தில் தொட்டுவிட்டால் அந்த வீட்டு ஆள் எந்த நிலைமையில் இருக்கிறாரோ என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அணைந்திருப்பவர்களுக்குத் தண்ணீர்க் கட்டணம் உண்டா இல்லையா என்பதில்தான் கொஞ்ச நாள் மனஸ்தாபம் இருந்தது, அதையும் பேசித் தீர்த்தோம்.

ஒரே ஒரு தடவைதான் சங்கடமாகிப்போனது. ஒரு மத்தியானம் டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்ட் போய்த் திரும்பி வந்தது, கரண்ட் வந்ததும் யார் சொல்லையும் கேட்காமல் முழு வெளிச்சத்தில் எரிவது அந்தப் பல்புகளின் பிறவிக் குணம், ஆகவே கட்டடம் முழுக்க நிறுத்திவைத்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எரிந்துவிட்டார்கள். இருமலின் பாதியில் நின்றவர் மீதி இருமலை இருமினார், அழுகையின் பாதியில் நின்றவள் மீதியை அழுதாள், எவனோ ஒருவன் என்றைக்கோ முடிந்துபோன கிரிக்கெட் மேட்சில் என்ன ஸ்கோர் என்று கேட்டுக்கொண்டே வராந்தாவுக்கு ஓடி வந்தான், எல்லோரும் முழு வெளிச்சத்தில் இருந்ததால் எல்லோருக்கும் முழுக் குரல். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, தங்களைப் போல இத்தனை பேரா என்று நின்றதை எங்களால் பார்க்க முடியவில்லை, அவசர அவசரமாக வீட்டுக்குள் ஓடிப் போன்களைத் தேடினோம். அடுத்த மாதமே முழுக் கட்டடத்துக்கும் பெரிய பேட்டரி வாங்கிப்போட்டோம், கரண்ட் போனாலும் போகாதபடி. மேகலா கார்டன்ஸ் வரலாற்றில் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

சுகந்திக்கு இதில் எதைப் பற்றியும் குறை கிடையாது, நவநீதனைப் பற்றிக்கூட அவள் யாரிடமும் பழி சொன்னதில்லை. அவளுக்கு இருந்த ஒரே துக்கம் மிதுனா. எரிந்த உடனே, அடுப்பில் என்ன இருக்கிறது, இன்றைக்கு என்ன கிழமை என்று எதையும் கேட்காமல், மிதுனாவைத் தேடிப் போய் உள்ளங்கையை அவள் உச்சந்தலையில் வைத்து, அந்தக் கையை அப்படியே தன் உடம்புக்கு நகர்த்தி எது வரைக்கும் வந்திருக்கிறாள் என்று பார்ப்பாள். முதலில் இடுப்பில் இருந்தது, ஒரு தடவை பார்த்தால் அதற்கு மேலே, இன்னொரு தடவை பார்த்தால் விலா எலும்பில். அவளுக்கு அவையெல்லாம் ஒரே வாரத்தில் நடந்தவை. பிள்ளை தன் கண்முன்னே ஓடுகிற பஸ்ஸைப் போலப் போய்க்கொண்டிருக்கிறது, தான் நிறுத்தத்துக்கு நிறுத்தம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவள் எங்கள் பெண்களிடம் சொல்லி அழுதிருக்கிறாள். எங்களுக்கும் அப்போது கண் கலங்கியது, யாருக்குத்தான் கலங்காது.

கடைசியில் அவள் சங்கக் கூட்டத்துக்கே வந்துவிட்டாள். டீ கொடுத்தார்கள், டம்ளரைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்று பேசினாள்.

"அவரக் கொற சொல்ல வரலீங்ணா. எம்பட புள்ள வளர்றத நான் பாக்கோணுமுங், அவ்வளவுதான். முந்தாநாளு முன்பல்லு விழுந்துருந்துச்சு, இன்னைக்குப் பாத்தா மொளச்சே போச்சுங். பல்லு மொளைக்கறத எந்தத் தாயும் உக்காந்து பாக்கறதில்லதான், ஆனா நாமளும் கூட இருந்தோம்னு இருக்கோணுமில்லீங். என்னைய நாள் முச்சூடும் எரிய உடோணும்னு கேக்கல. அவ இஸ்கூல் விட்டு வந்ததுல இருந்து தூங்கற வரைக்கும் மட்டும் நிறுத்த வேண்டாம்னு நீங்க எல்லாரும் சேந்து ஒரு வார்த்த சொன்னீங்கன்னா அவரு கண்டிப்பா"

டம்ளர் விழுந்து டீ தரையில் பரவியது. குழந்தைவேலு ஐயா மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார், ஒருவேளை திரும்ப வந்துவிடுவாளோ என்று எல்லோரும் அவள் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அவிங்க குடும்ப விசயமுங் இது. நாம மூக்க நொழைச்சா நல்லா இருக்காது. அடுத்தது, தண்ணி லாரி" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சுகந்தி விட்ட வாக்கியத்தைப் பத்து நாளைக்கோ எத்தனை நாளைக்கோ பிறகு தன் வீட்டு ஹாலில், டிவிக்கு முன்னால் நின்று, "கேப்பாருங்" என்று முடித்தாளாம்.

மிதுனா ஆறாவது போனபோது நவநீதன் தன் பழைய போனை அவளுக்குக் கொடுத்தான். அதில் சுகந்தி இருந்தாள். கொஞ்ச காலம் அந்தப் பெண் செய்ததை நாங்கள் கதவிடுக்கில் பார்த்து உச்சுக்கொட்டியிருக்கிறோம், பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து, அப்பா உள்ளறையில் மீட்டிங்கில் இருக்கும்போது, கோட்டைக் கடைசி வரைக்கும் இறக்கி அம்மாவை மங்கலாக எரியவிடுவாள், மங்கலாக எரிந்தால் குரல் வெளியே கேட்காது, இரண்டு பேரும் சோபாவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், சுகந்தி அவளுக்குத் தலை பின்னிவிடுவாள், காற்றைப் போன்ற குரலில் சிரிப்பாள். ஆனால் பிள்ளைகள் வளர்கிறார்கள், அணைந்து கிடக்கிற அம்மா வளர்வதில்லை. சுகந்தி போன வருஷத்துத் தோழியின் பெயரைச் சொல்லி விசாரிப்பாள், மிதுனா அவளோடு பேசுவதை நிறுத்தி மாதக்கணக்காகியிருக்கும். வீட்டுக்கு வந்த சிநேகிதிகள் முன்னால் சோற்றைப் பிசைந்து ஊட்ட வருவாள். "நீ இன்னும் அங்கயே இருக்கறம்மா" என்று மிதுனா எரிச்சலோடு சொல்ல ஆரம்பித்தாள். எட்டாவதில் ஒரு நாள் கணக்கில் மார்க் குறைந்ததற்கு சுகந்தி அவளைத் திட்டிக்கொண்டிருக்கும்போது, மிதுனா போனை எடுத்து, கோட்டைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தாள், திட்டு கொஞ்சம் குறைந்தது, இன்னும் இறக்கினாள், இன்னும் இறக்கினாள், கடைசியில் உதடு மட்டும் அசைந்தது. மிதுனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் உதடு அசைவதையே கொஞ்ச நேரம் பார்த்துச் சிரித்துவிட்டு நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு அவள் அம்மாவை அதிகம் போடவில்லை. அவள் வயதுக்கு வந்து மஞ்சள் நீராட்டு வைத்த அன்று, பாயசம் பரிமாறும்போதுதான் எங்களில் ஒருவருக்கு நினைவு வந்து, சுகந்தி எங்கே என்று கேட்டார், "அட, மறந்தே போச்சுங்" என்று நவநீதன் நாக்கைக் கடித்துக்கொண்டு போனைத் தட்டினான். என்றைக்கோ சப்பாத்திக்குப் பிசைந்துகொண்டிருந்த மாவுக் கையோடு, வீட்டுச் சேலையோடு, பட்டுச் சேலைகளுக்கு நடுவே அவள் எரிந்து நின்றாள். ஹாலில் போட்டிருந்த மணையில் தாவணியோடு உட்கார்ந்திருந்தது யாரென்று அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. போட்டோக்காரர் அவளைப் பின்வரிசையில் நிற்க வைத்தார், படம் எடுத்து முடிந்ததும் நவநீதன் நிறுத்திவிட்டான், பல்பின் மணிக்கணக்கை அவன் எப்போதும் வீணாக்கியதில்லை.

வருஷங்கள் எங்களுக்கெல்லாம் போவது போலவே போயின. மிதுனா இன்ஜினியரிங் முடித்துப் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தாள், ஈரோட்டுப் பக்கம் நல்ல இடமாக ஒரு சம்பந்தம் வந்தது. அப்போதுதான் சுகந்தியை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. எரியவிட்டால் அவள் மிதுனாவுக்கு அக்காவைப் போல நிற்பாள், அதிலும் ரொம்ப மூத்த அக்கா இல்லை, பெண்ணின் அம்மாவுக்கு ஏன் வயதாகவில்லை என்று வருகிறவர்கள் கேட்டால் யார் உட்கார்ந்து விளக்கம் சொல்வது. தவறிவிட்டார்கள் என்று சொன்னால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும் என்று யோசனை சொன்னவர்கள் நாங்கள்தான், நல்ல யோசனை என்று இப்போதும் சொல்வோம். மஞ்சள் நீராட்டுப் படத்தின் பின்வரிசையிலிருந்து அவள் முகத்தை வெட்டிப் பெரிதாக்கி, சந்தன மாலை போட்டு, கீழே சின்னதாகச் சிவப்பு விளக்கு ஒன்று வைத்து ஹாலில் மாட்டினார்கள். அப்பாவும் மகளுமாகத்தான் மாட்டினார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் ஆயுத பூஜை அன்று மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள், லீவு நாள், நல்ல நாள். வடை சுடவும் பெண்ணை அலங்கரிக்கவும் எங்கள் பெண்கள் காலையிலேயே அங்கே போய்விட்டார்கள். நவநீதனுக்கு ஆயுதம் என்றால் அவன் கருவிகள்தான், லேப்டாப்புக்குச் சந்தனம், மோடத்துக்குச் சந்தனம், தானே தரையைப் பெருக்கிக்கொண்டு போகிற வட்டமான மெஷினுக்குக்கூடக் குங்குமம் வைத்துப் பூச்சூட்டினான், எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தான். இத்தனை வருஷம் யாரையும் தொடவிடாத அந்தக் கண்ணாடித் தட்டு அவன் கண்ணில் பட்டது, எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு இதற்கு மட்டும் வைக்காமல் விட்டால் நன்றாக இருக்காது என்று தோன்றியிருக்க வேண்டும், மஞ்சள் டேப்பை உரித்தான். மூன்று விரலால் திருநீற்றைப் பட்டையாக இழுத்தான், நடுவில் சந்தனம் வைத்தான், சந்தனத்தின்மேல் குங்குமம் வைத்தான், பட்டை கோணலாக இருக்கிறது என்று துடைத்துவிட்டு மறுபடி இழுத்தான், மறுபடி சந்தனம், மறுபடி குங்குமம். தொட்டால் போதும் என்று இருக்கிற ஸ்விட்ச் அது, ஒவ்வொரு தொடுதலுக்கும் கரண்ட்டை நிறுத்தியது, கொடுத்தது, நிறுத்தியது, கொடுத்தது. அப்படிச் சடசடவென்று நிறுத்தி நிறுத்திப் போட்டால் அந்தப் பல்பு தன் எஜமானையே மறந்து, அன்றைக்குத்தான் கடையிலிருந்து வந்த பல்பாகிவிடும், எந்தப் போன் என்னைக் கூப்பிடப்போகிறது என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கும்.

பல்பு சிமிட்டியது, ஹாலின் நடுவே சுகந்தியும் சிமிட்டினாள். எரிந்து, அணைந்து, எரிந்து, அணைந்து, ஒவ்வொரு எரிதலிலும் ஓர் எழுத்தாக "ஏ" என்றாள், "னு" என்றாள், "ங்" என்றாள். நவநீதன் வேர்த்து விறுவிறுத்துப் போனைத் தட்டினான், போனில் அவள் பெயர் இல்லை, ஹால் லைட்டும் இல்லை, புதிதாகச் சேர்க்கப் பார்த்தால், அந்தப் பல்பைச் செய்த கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போய் வெகு நாளாகிறது, இத்தனை நாளும் பழைய பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்ததே தவிரப் புதிதாகச் சேர்த்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை. கூப்பிட யாரும் இல்லை என்று தெரிந்ததும் பல்பு சிமிட்டுவதை நிறுத்தி, முழு வெளிச்சத்தில், அசையாமல் எரிய ஆரம்பித்தது. சுகந்தியும் அப்படியே.

அவள் முதலில் செய்தது எப்போதும் செய்வதைத்தான், மிதுனாவைத் தேடினாள். எதிரே பாதி கட்டிய பட்டுச் சேலையோடு நின்ற பெண்ணை இரண்டு தடவை தாண்டிப் பார்த்துவிட்டு, மூன்றாம் தடவை நின்று, கையைத் தூக்கி அவள் உச்சந்தலையில் வைத்தாள். அந்தக் கையைத் தன் பக்கம் நகர்த்தியபோது அது அவள் தலைக்கு மேலே போனது.

"என்னையவிட ஒசரமாயிட்டியா சாமி" என்றாள், அழுகையும் சிரிப்புமாக. சுகந்தி எங்களைப் பார்த்தாள், எங்கள் நரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், சுவரில் தன்னைப் பார்த்தாள். "இந்தப் படத்துல மூஞ்சி கோணலா இருக்குதே, வேற கெடைக்கலியா?" என்று கேட்டுக்கொண்டே கிட்டப் போனவள் சந்தன மாலையைத் தொட்டுப் பார்த்தாள், கீழே எரிகிற சிவப்பு விளக்கைப் பார்த்தாள், அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். "செத்துட்டேன்னு சொல்லீட்டீங்களாக்கும்" என்றாள்.

நவநீதனின் போன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு, "கருமத்தம்பட்டி தாண்டி நம்ம பக்கம் வந்துட்டாங்களாம்" என்று பொதுவாகச் சொன்னான். பிறகு மகளைப் பார்த்து, சுகந்தியைப் பார்க்காமல், "இனி அது போன் பேச்சுக் கேக்காது. செவுத்துலதான் நிறுத்தோணும். நீ பாத்துக்க. நான் கீழ போறேன், வழி தெரியாம நிப்பாங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். எத்தனையோ தடவை அவளை நிறுத்திய ஆள்தான், கையால் என்றதும் முடியவில்லை.

சுகந்தி எழுந்து வந்து மிதுனாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னது சொன்னதாவே இருக்கட்டும் கண்ணு. நான் செத்தவளாவே இருந்துக்கறேன். உள்ள ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கறேன், அவிங்க போற வரைக்கும் இருமக்கூட மாட்டேன். லைட்ட மட்டும் நிறுத்தீராத. மாப்ள கொரலு எப்படி இருக்குதுன்னு கதவு சந்துல கேட்டுக்கறேன், அது போதும் எனக்கு. இத்தன விட்டுட்டேன், இதையாச்சும் கேட்டுக்கறேன்."

"சரிம்மா" என்றாள் மிதுனா. அவள் சரி என்று சொன்னதை எங்கள் பெண்கள் அத்தனை பேரும் கேட்டார்கள், ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மொதல்ல இந்தக் கொசுவத்தச் சரி பண்ணி உடு, இவிங்களுக்கு ஒண்ணும் வரல" என்று சொல்லிக்கொண்டே மிதுனா சுவரோரமாகப் போய் நின்றாள், அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றாள்.

சுகந்தி ஓடிப் போய் அவள் காலடியில் மண்டியிட்டாள். எங்கள் கையிலிருந்த ஊக்கை வாங்கி வாயில் கவ்விக்கொண்டு, மடிப்புகளைக் கலைத்து முதலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, நீவி, கீழே இழுத்து, ஓரம் சரியாக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்து, மறுபடி நீவினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஊக்கைக் கவ்விய வாயோடு ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள், பட்டு நல்ல பட்டு, இந்தக் கலர் உனக்கு எடுக்கும், கொஞ்சம் ஆடாம நில்லு கண்ணு என்பதெல்லாம்தான். வெளியே லிஃப்ட் வந்து நின்ற சத்தமும் செருப்புச் சத்தங்களும் கேட்டன. "ஒரே நிமிசம், ஒரே நிமிசம்" என்று அவள் இன்னும் வேகமாக நீவினாள்.

மணி அடித்தது. மிதுனா கீழே பார்க்கவில்லை, கையை நீட்டி ஒற்றை விரலால் கண்ணாடியைத் தொட்டாள். தரையில் ஊக்கு விழுந்தது. அவள் குனிந்து அதை எடுத்து, அம்மா எடுத்து வைத்திருந்த மடிப்புகள் கலையுமுன் தானே சேர்த்துக் குத்திக்கொண்டு, கதவைத் திறக்கப் போனாள்.